ஒரு கரண்டி தாய் மாவு

ரொட்டி மாஸ்டருக்குப் பதினெட்டு வருஷமாக மனதில் முள்ளாய் நின்ற குறை ஒன்றே ஒன்றுதான். ஊரே வரிசையில் நின்று வாங்கித் தின்னும் அவருடைய ரொட்டியை, கட்டின பெண்டாட்டி தொடுவதில்லை.

கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாய்த் தின்றவள்தான். தின்ற ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற பசை இவள் குடலுக்கு ஆகாது, பொட்டு மாவு உள்ளே போனாலும் வினைதான் என்றார் டாக்டர். மாஸ்டர் அவரை முறைத்தார். தன் சரக்கைக் குற்றம் சொல்ல வந்த ஆள் என்று இன்றைக்கும் அவர்மேல் ஒரு கறுவல் உண்டு.

அன்றோடு வீட்டுச் சட்டம் மாறியது. கடையிலிருந்து வந்தால் பின்பக்கமாய்ப் போய்க் குளித்து, துணி மாற்றி, காது மடல்வரை துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

"மீசையில மாவு இருக்கு. மீசையோட வெளியவே நில்லுங்க" என்பாள். பேரம் பேச முடியாது. திரைச்சீலை தைக்கிறவள் அவள். அரை நூல் கோணினாலும் மொத்தத்தையும் பிரித்துப் போடுகிற ரகம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளே ரொட்டி சுடக் கிளம்பினாள். வீட்டில் மாஸ்டர் ஒருவர் குத்துக்கல்லாய் உட்கார்ந்திருக்க, அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிசி மாவையும் சோள மாவையும் தண்ணீரில் கலந்து ஜாடியில் ஒன்பது நாள் புளிக்கவிட்டாள். அந்தப் புளிப்பை முழுக்கத் தீர்க்காமல், எடுக்க எடுக்க மேலும் மாவு போட்டு அதே ஜாடியில் வளர்த்தாள். மாவு பிடித்து நிற்க ஆளி விதையை ஊறப்போட்டுச் சேர்த்தாள். மூடி போட்ட இரும்புச் சட்டியில் சுட்டாள். ஆறினதும் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை உருவி உயரம் அளந்து, சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதுவாள். இரண்டு இஞ்ச். இரண்டே கால். என்றைக்காவது இரண்டரை.

"ரொட்டியா இது, படுத்துக் கிடக்கிற பூனையா?" என்பார் மாஸ்டர்.

"உங்க ரொட்டி மாதிரி காத்தை அடைச்சு ஊரை ஏமாத்தல. தின்னா வயித்துல நிக்கும்" என்பாள் அவள்.

வாய்தான் அப்படி. அவள் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது அவருக்குத் தாங்கவில்லை. கடை அடுப்பங்கரையில் பானையில் வளரும் தாய் மாவை, அதாவது அடுத்த நாள் ரொட்டிக்கு உயிர் கொடுக்கிற பழைய புளித்த மாவை, அவர் மாவுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. புளிக்கப் புளிக்கக் கோதுமையின் கெடுதல் எல்லாம் செத்துப்போகும் என்று தானாகவே ஒரு வைத்தியமும் படித்து வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் யார் வீட்டுக்கோ திரை மாட்டப் போயிருந்த நேரம், அவள் ஜாடியில் தன் தாய் மாவிலிருந்து ஒரு கரண்டி விட்டுக் கலக்கிவிட்டார்.

புதன்கிழமை ரொட்டி மூன்றரை இஞ்ச் எழுந்தது.

"பாத்தீங்களா! கைப்பக்குவம்னா இதுதான். வேணும்னா கடைக்கு வந்து உங்களுக்குச் சொல்லித் தரேன்" என்று இரண்டு துண்டு தின்றாள். மாஸ்டர் மீசைக்குள் சிரித்தார்.

சாயங்காலம் அந்தச் சிரிப்பு செத்தது. மூன்று நாள் அவள் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் வெந்நீர் வைத்தார், தலையைத் தாங்கிப் பிடித்தார், பாத்திரம் கழுவினார். வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரு கரண்டி இவ்வளவு செய்யுமா, வேறு எதையோ தின்றிருப்பாள் என்று தனக்குத்தானே ஓதிக்கொண்டார்.

நாலாம் நாள் சுவரைப் பிடித்து எழுந்தவள் நேராக மாவு மில்லுக்குப் போனாள். வாரா வாரம் கல்லைக் கழுவி, கோதுமை விழுவதற்கு முன்னால் அவளுக்குத்தான் முதலில் அரைத்துத் தருவார் மில்காரர். கூட்டம் நிற்கும்போதே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, என்னைக் கொன்னுடலாம்னு பாத்தீங்களா?"

"கல்லைக் கழுவித்தான் அரைச்சேன் தங்கச்சி. நம்பிக்கை இல்லன்னா வேற மில் பாத்துக்க" என்றார் அவர். முகம் சிறுத்துப்போனது.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். மாஸ்டர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில் மாவைக் கொட்டிவிட்டு, மளிகைக் கடையில் பாக்கெட் அரிசி மாவும் சோள மாவும் வாங்கி, அதே ஜாடிப் புளிப்பைப் போட்டு மறுபடி சுட்டாள். மறுபடியும் மூன்றரை.

"எழுந்தது என் கைப்பக்குவம், கோளாறுதான் மில்காரர் மாவுல, பாத்தீங்களா?" என்று துண்டை வாய்க்குக் கொண்டுபோனாள். மாஸ்டர் பாய்ந்து கையைத் தட்டிவிட்டார்.

"திங்காத!"

"என்னங்க?"

"ஜாடியில... என் தாய் மாவு. ஒரு கரண்டி."

அவள் தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் உங்ககிட்ட உதவி கேட்டேனா?"

"கேக்கலியே. ஆறு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

அவள் விட்ட மூச்சு கோபமா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆறு வருஷத்து ஜாடியை எடுத்துப்போய் வெளியே குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். சுவரில் எழுதியிருந்த மூன்றரைகள் இரண்டையும் ஈரத்துணியால் அழித்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் பழைய குரல்தான்.

"சட்டையை மாட்டுங்க. மில்லுக்குப் போங்க. ஆள் இல்லாத நேரம் பாத்துப் போகக்கூடாது. நாலு பேர் நிக்கும்போதுதான் சொல்லணும், தப்பு உங்களோடதுன்னு. அப்புறம் நாளைக்கும் எனக்கு முதல்ல அரைச்சுத் தரச் சொல்லி அண்ணன்கிட்ட கேளுங்க. மாவைத் தொட்டுடாதீங்க, நானே போய் வாங்கிக்கிறேன்."