சிவப்பு சுவிட்சைத் தள்ளிய கதை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் எந்தக் கொல்லையில் மோட்டார் நின்றாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். இதை நானே சொல்வதால் பெருமையடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு போதும் என்று பள்ளிக்கூடமும் நானும் ஒரே நேரத்தில் முடிவெடுத்தோம். அதன் பிறகு எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டேன். சொந்தக் கடை, மாடி வைத்த வீடு, எம்.எஸ்சி. படித்த மருமகள் எல்லாம் என் உழைப்பில் வந்தவை. மருமகளை மகன்தான் தேடிக்கொண்டான் என்று என் மனைவி சொல்வாள். அவள் எப்போதும் கணக்கில் என்னைக் குறைத்துத்தான் போடுவாள்.

அந்த மருமகள் மூன்று வருஷமாக மல்லாட்டைச் செடியில், அதாவது வேர்க்கடலையில், விழுகிற இலைப்புள்ளி நோயை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு ஒரு டாக்டர் வரப்போகிறார் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். இரண்டு பேர் முட்டி வலிக்கு மருந்து கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயங்கள். நான்கு, பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. ஐந்தாவது, வீட்டு ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. விழுப்புரத்துக் கல்லூரியில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அன்றைக்கு மாலை ஐந்து மணியோடு பணி ஓய்வு பெறுகிறார். முழு ஆய்வேட்டையும் பார்த்து அவர் அதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் புது வழிகாட்டி, புது விண்ணப்பம், குறைந்தது இன்னும் ஒரு வருஷம்.

காலை ஒன்பது மணிக்குக் கடைசி அத்தியாயத்தைப் பென்டிரைவில் ஏற்ற உட்கார்ந்தாள். திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டாள். உள்ளே காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பீப், பீப் என்று ஒரு சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

கடைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அவள் சொன்னாள். நான் இருக்கிற வீட்டில் ஒரு கரன்ட் சாமானுக்குக் கடையா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி, "அது தண்ணி மோட்டார் இல்ல, தெரியுமில்ல?" என்றாள். பதில் சொல்லி என் மதிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை.

நோயை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். மோட்டார் சுற்றும், ஆனால் தண்ணீரைத் தூக்காது, உள்ளே முனகும். நாற்பது வருஷ அனுபவத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வோல்டேஜ் பத்தவில்லை. இங்கேயும் காற்றாடி சுற்றுகிறது, திரை வரவில்லை, பெட்டி முனகுகிறது. பெட்டியைத் திருப்பினேன். கரன்ட் ஒயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச். அதில் 230 என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் இருநூற்று முப்பது வோல்ட்டை யார் பார்த்தார்கள்? நூற்றெண்பது வந்தால் அன்றைக்குத் திருவிழா. சுவிட்சை மறுபக்கம் தள்ளினால் 115 என்று வந்தது. குறைந்த கரன்ட்டிலும் ஓடுவதற்காகவே வைத்திருக்கிறான், படித்தவர்கள் யாரும் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை என்று எண்ணிக்கொண்டேன். மருமகள் உள்ளறையில் பேராசிரியரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் சரிசெய்து வைத்து, ஒன்றும் பேசாமல் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பதாக என் திட்டம். நூற்றுப் பதினைந்தில் தள்ளி, பிளக்கைப் போட்டேன்.

பட்டென்று வெடித்தது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. காயில் கருகுகிற வாடையை ஆயிரம் தடவை முகர்ந்தவன் நான். இது அதன் தம்பி வாடை.

பிளக்கைப் பிடுங்கிய அதே வேகத்தில் இன்னொன்றையும் செய்தேன். அந்தச் சிவப்பு சுவிட்சை 230க்கே திரும்பத் தள்ளிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. மருமகள் ஓடிவந்தாள். லைனில் ஏதோ ஹை வோல்டேஜ் வந்துவிட்டதாகச் சொன்னேன். மின்சார வாரியத்தையும் இரண்டு வார்த்தை திட்டினேன். என் மனைவி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

சிபியு பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் போனோம். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு அங்கே நல்ல கடை இருப்பதாக மருமகளின் தோழி சொல்லியிருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது மருமகள் மணி பார்த்தாள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போர்வைக்குள்ளிருந்து இன்னும் அந்த வாடை வந்தது.

கடையில் இருந்தது ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். பெட்டியைப் பிரித்து ஒரு முறை முகர்ந்தார். கரன்ட் எடுத்துக் கொடுக்கிற உள்பெட்டி எரிந்துவிட்டது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "யாராச்சும் கை வெச்சீங்களா?" என்று கேட்டார்.

இது என் கேள்வி. எரிந்த மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருகிற ஒவ்வொரு விவசாயியிடமும் நான் கேட்கிற கேள்வி. அவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு, யாரும் தொடவில்லை, தானாகவே நின்றுவிட்டது என்பார்கள். உள்ளே பார்த்தால் ஃபியூஸுக்குப் பதில் சைக்கிள் ஸ்போக் கம்பி இருக்கும். பொய் சொல்கிறவனின் மோட்டாரை நான் ஒரு நாள் தாமதமாகத்தான் தொடுவேன்.

"யாரும் தொடலம்மா. லைன்ல வந்துச்சு" என்றேன். தரையைத்தான் பார்த்தேன்.

அப்படியானால் கஷ்டம் என்றார் அந்தப் பெண்மணி. லைனில் வந்தது எவ்வளவு, எதுவரைக்கும் போனது என்று தெரியாது. போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கில் அடி விழுந்திருந்தால், இங்கே மாட்டிப் பார்க்கிறேன் என்று மாட்டினால், இருப்பதும் போய்விடும். முக்கியமான வேலை என்றால் டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்புவதுதான் நல்லது, ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார்.

மணி ஒன்றரை. மருமகள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பி, "பரவால்ல மாமா. லைன்ல வந்ததுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? காலையிலேருந்து நீங்களும் சாப்பிடாம அலைஞ்சிக்கினு இருக்கீங்க" என்றாள்.

நாற்பது வருஷத்தில் எனக்கு ஷாக் அடித்த இடங்களைக் கணக்கே எடுக்க முடியாது. அதில் எதுவும் இப்படி அடித்ததில்லை.

"லைன்ல ஒண்ணும் வரலம்மா" என்றேன். "பின்னாடி இருக்கிற செவப்பு சுவிட்சை நான்தான் தள்ளினேன். வெடிச்சதும் திரும்பப் பழைய இடத்துக்கே தள்ளி வெச்சிட்டேன்."

கடைக்காரப் பெண்மணி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "நூத்திப் பதினஞ்சுலயா? அது வெளிநாட்டுக் கரன்ட்டுக்கு வெச்சதாச்சே!"

"ஆமா. முக்கிக்கினு இருந்துச்சு. வோல்டேஜ் பத்தலன்னு நினைச்சேன்."

"இன்னா வேலை பண்றீங்க?"

"மோட்டாருக்குக் காயில் கட்டுறேன்."

"உங்க கடைக்கு எவனாச்சும் இப்படிப் பண்ணிக்கினு வந்தா இன்னா சொல்லுவீங்க?"

"அதை இங்க சொல்ல முடியாதும்மா."

அவர் சிரித்துவிட்டார். மருமகள் சிரிக்கவில்லை. சுவிட்ச்தான் காரணம் என்றால் பெரும்பாலும் அந்த உள்பெட்டியோடு போயிருக்கும், மாட்டிப் பார்க்கலாம் என்று சொல்லி, புதிதாக ஒன்றை எடுத்துப் பொருத்தினார். பட்டனை அழுத்தினார். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு. பீப், பீப்.

"இதேதான் காலையில..." என்று ஆரம்பித்தேன். மருமகள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண்மணி போர்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டையைப் பிடுங்கினார். ரேம் என்றார். அதன் ஓரத்தில் தங்க நிறப் பல்வரிசை. மேசை இழுப்பறையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து அந்தப் பல்லைத் தேய்த்தார், ஊதினார், திரும்ப அழுத்தி மாட்டினார். பட்டனைத் தட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது. தூசி அடைத்துத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது, அந்தச் சத்தமே அதைச் சொல்வதற்குத்தான் என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையில் கிடக்கிற ரப்பர். நான் பெட்டியையே வெடிக்க வைத்திருந்தேன்.

ஐந்தாம் அத்தியாயம் ஒரு எழுத்தும் குறையாமல் இருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஐந்தையும் அச்செடுத்து, கோர்த்து, ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அதுவரை மருமகள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேராசிரியரின் மேசையில் வழியனுப்பு விழாவின் ரோஜா மாலை சுருண்டு கிடந்தது. முதல் நான்கையும் முன்பே படித்திருந்ததால் ஐந்தாவதை மட்டும் நிதானமாகப் புரட்டினார். இரண்டு இடத்தில் பென்சிலால் குறித்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மருமகள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. ஏன்மா இவ்வளவு நேரம் என்று அவர் கேட்டதும் அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வோல்டேஜ், சுவிட்ச், பொய், ரப்பர், எதையும் விடவில்லை. அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஒருவர் சிரிக்க ஆரம்பித்தால் எனக்குக் கதையை நிறுத்தத் தெரியாது. வெடித்த சத்தத்தில் தெருவே அதிர்ந்தது என்றேன். எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள் என்றேன். அந்த மாதிரி வெடிக்க வைக்க இந்த மாவட்டத்தில் வேறு ஆள் கிடையாது என்றும் சொன்னேன்.

"தெருவெல்லாம் கேக்கல மாமா" என்றாள் மருமகள், கையெழுத்துப் போட்ட பக்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "உள்ரூம் வரைக்குந்தான் கேட்டுச்சு."