பட்டமரத்துக்கு அளவெடுப்பவர்

மரத்தைச் சுற்றி இஞ்ச் டேப்பைப் போட்டு இழுத்துப் பிடித்து, "அம்பத்திரெண்டு. இடுப்பு கொஞ்சம் பெருசுதான்" என்கிறார் டெய்லரக்கா. பட்டுப்போன மரம், கோபித்துக்கொள்ளாது. முறுக்கிக்கொண்ட மரம், கூன் விழுந்த மரம், இடி விழுந்து இரண்டாகப் பிளந்த மரம் என்று உருப்படாத மரம் எங்கே நின்றாலும், ஞாயிற்றுக்கிழமை அக்கா அங்கே நிற்பார். அளவெடுக்காமல் வரைய அவருக்குக் கை வராது.

"நேரா நிக்கிற மரம் ஒண்ணுகூட உன் கண்ணுல படாதா?" என்பார், மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் கணவர்.

"அதுல வரைய என்ன இருக்கு? ஸ்கேல் வெச்சு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது."

கடையில் நிலைமை வேறு. வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரு தோள் இறங்கித்தான் இருக்கும். அக்கா அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்; இறங்கிய பக்கம் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்துவிடுவார். கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவர், தம் தோள் இத்தனை எடுப்பா என்று தாமே மெச்சிக்கொள்வார். ஆறு நாள் கோணலை மறைத்த கை, ஏழாம் நாள் கோணலைக் கண்டால் குஷியாகிவிடுகிறது. துணி வெட்டுக்கு வைத்திருக்கும் பழுப்புத் தாளில் வரைந்த மரங்கள்தாம் டிரையல் ரூமின் மூன்று சுவரிலும். பேன்ட் போட்டுப் பார்க்கப் போனவர்கள் படம் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவதால் வெளியே வரிசை சேரும்.

காதில் ஒரு வெள்ளைப் பென்சில் செருகியிருக்கும். துணியில் குறி போடவும் அதுதான், மரத்துக்கு உருவம் போடவும் அதுதான். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை கணவர் அதை எடுத்து கேஸ் சிலிண்டர் மேல் தேதி எழுதிவிட்டார். அப்புறம் இரண்டு நாள் வீட்டில் மனிதர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர், கடைக்கு நேர் எதிரே இருந்த பட்டமரத்தை மட்டும் ஒன்பது வருடமாக வரையவில்லை. பிழிந்து போட்ட துணி மாதிரி முறுக்கிய அருமையான மரம். "எதிர்லயேதான நிக்குது, எங்க ஓடிப்போகுது" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். போன செவ்வாய்க்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால், மரத்தடியில் ரம்பமும் கயிறுமாக ஒரு வெட்டுக்காரர். மின்கம்பி மேல் சாய்கிறதாம். நாலு மணிவரை கரண்டை நிறுத்தி, அதற்குள் வெட்டி இறக்க உத்தரவு.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரண்ட் இல்லாமல் தையல் மெஷினும் ஓடாது. தாளைப் பலகையில் குத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"தம்பி, நாலு மணிக்குள்ள முடிச்சாப் போதும்ல? நான் வரைஞ்ச கிளையை மட்டும் வெட்டுங்க. வரையாததுல கை வைக்காதீங்க."

வெட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "வெட்டறதுக்குன்னு ஒரு வரிசை இருக்குக்கா. உச்சியிலேருந்துதான் இறங்கணும்."

"அப்ப நானும் உச்சியிலேருந்தே வரேன்."

அப்படித்தான் நடந்தது. அக்கா தலையை ஆட்டினால் ஒரு கிளை விழும்; ஆட்டாவிட்டால் வெட்டுக்காரர் மேலே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பார். "வலது கை முடிஞ்சுதாக்கா?" என்று உச்சியிலிருந்து குரல் வரும். தெருவே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கணவர் குடை பிடித்தபடி மணி சொன்னார்: மூணு இருபது, மூணு நாற்பது. அடிமரத்தின் முறுக்கை முடித்து அக்கா பென்சிலைக் காதில் செருகியபோது, நாலாக ஐந்து நிமிடம். மிச்சத்தை ரம்பம் பார்த்துக்கொண்டது.

வெட்டுக்காரர் தூசியைத் தட்டிக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அளவெல்லாம் அப்படியே இருக்குக்கா. ஆனா கிளை பிரியுற இந்த இடத்துல ஒரு பொந்து உண்டு. உள்ள பழைய கூடு ஒண்ணு. மேல ஏறினாத்தான் தெரியும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சரிபார்க்க மரம் இல்லை; அந்த இடத்தில் வெறும் வானம். ஒன்பது வருடம் எதிரிலேயே இருந்தும் அந்தப் பொந்தை அவர் பார்த்ததில்லை.

"எவ்வளவு பெருசு?"

வெட்டுக்காரர் முஷ்டியை மடக்கிக் காட்டினார்.

அக்கா காதிலிருந்த வெள்ளைப் பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.