எதுவரை பார்ப்பது

சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டீ கிளாஸ் வைத்து மேசைமேல் விரித்திருந்த அந்த வரைபடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நடுவில் மலைப்பாதை ஒரு கறுப்புக் கோடாக வளைந்து வளைந்து ஏறியது. அதை ஒட்டினாற்போல் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடுகள். அவற்றை வரைந்தவர் சாலைப் பிரிவின் எஞ்சினியர். "இந்த ரெண்டு கோட்டுக்குள்ள என்ன வேணும்னாலும் ஆராய்ச்சி பண்ணிக்கிடுங்க மேடம். வெளிய மட்டும் போகாதீங்க" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஒரு சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னால், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அங்கே இருக்கும் மனிதர்களுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். அதுதான் என் வேலை. ஆனால் அந்த ஆய்வு தொடங்கும் முன்பே இன்னொரு கட்டம் உண்டு. எதையெல்லாம் ஆராய்வது, எதுவரை ஆராய்வது, எதை விட்டுவிடுவது என்று சம்பந்தப்பட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் காரியமாகத் தெரியும். அந்த ஆண்டு கல்லாறு வழியாக மலை ஏறும் பாதைக்காக நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததை நினைத்தால், அதைவிடச் சாலையையே போட்டு முடித்திருக்கலாம் என்று தோன்றும்.

கூட்டங்கள் மலைக்குக் கீழே நகரத்தில், தம்பானூரில், பஸ் நிலையத்தைப் பார்த்த ஒரு மாடி அறையில் நடக்கும். வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஜன்னலைத் திறந்தால் கண்டக்டர்கள் ஊர் பெயரைக் கூவுவது கேட்கும். மூடினால் மின்விசிறியின் முனகல் கேட்கும். எஞ்சினியர் நாஞ்சில் நாட்டுக்காரர். என்னைவிடச் சில வயதுதான் கூடுதல். எதிரே வனத்துறை ரேஞ்சர் உட்கார்ந்திருப்பார். மலையாளி, எங்கள் இருவருக்காகவும் தமிழ் கலந்து பேசுவார். சிவப்புக் கோட்டை யார் என்ன சொன்னாலும் நகர்த்த மாட்டார் எஞ்சினியர். ரேஞ்சருக்கோ கோடே பிடிக்காது. யானை நடக்கும் தடம், பறவைகள், வண்டிச் சத்தம், மலையின் மறுபக்கச் சரிவு என்று எல்லாமே வேண்டும் அவருக்கு. "பற்றில்ல சாரே, பற்றில்ல" என்று மலையாளத்தில் முடியாது சொல்லி அவர் தலையாட்டுவதில் ஒரு தாளம் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஆறு. பாதை ஆற்றைத் தாண்டும் இடத்தில் அகலமான பாலம் வரப்போகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்று பார்க்காமல் பாலத்தைப் பற்றி என்ன எழுதுவது?

"உங்களுக்கு ஆறு வேணும். அவருக்குக் காடு வேணும். அடுத்தாப்ல மேகமும் வேணும்பீங்க" என்பார் எஞ்சினியர். குரலை உயர்த்த மாட்டார். பென்சிலை மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டே பேசுவார். எனக்கு அந்தத் தட்டல்தான் எரிச்சலூட்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "இன்னிக்கும் அந்த மனுஷரோட சண்டையா? காபியைக் குடிச்சுட்டுப் பேசு" என்பாள். குடித்துவிட்டுப் பேசுவேன். அவருக்கு மலையும் தெரியாது, ஆறும் தெரியாது, எப்படியாவது கான்ட்ராக்டைக் கொடுத்துவிட்டுக் கைகழுவ வேண்டும் என்று அவசரம், அவ்வளவுதான் என்பேன். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் கூட்டத்துக்குத் தலைமை வகித்த அதிகாரி சலித்துப்போய், மூன்று பேரும் இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு முடிவோடு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். எஞ்சினியரின் ஜீப்பில் போனோம். கல்லாற்றில் இறங்கியபோது நல்ல வெயில். உருண்டு திரண்ட வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கற்களின் நிறம்கூடத் தெரிந்தது. கரையிலிருந்த கடைகளில் வாழைக்காய் வறுக்கும் வாசனை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறைமேல் பாறையாகத் தாண்டி ஆற்றின் நடுவுக்கு நான் போனேன், ரேஞ்சர் பின்னால் வந்தார். எஞ்சினியர் ஷூவைக் கழற்றாமலே வந்து ஒரு பெரிய பாறையில் நின்றுகொண்டார்.

"பாலம் இங்க வருது. இந்தத் தூண், அந்தத் தூண். இதுக்கு மேல ஆத்துல நமக்கு என்ன ஜோலி? என் வேலை இந்தப் பாறையோட முடிஞ்சுபோச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். ரேஞ்சர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வந்தன. புது மண் வாசனை அடித்தது. "கேறிக்கோ, கேறிக்கோ, கரைக்குப் போங்க" என்று ரேஞ்சர் கத்தியபோதே மேலே ஆற்றின் வளைவுக்குப் பின்னாலிருந்து லாரி வருவது போல ஒரு சத்தம்.

எப்படிக் கரைக்கு வந்தேன் என்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. பாறை, அடுத்த பாறை, ரேஞ்சரின் கை. எஞ்சினியரின் தோல் ஷூ வழுக்கிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து ஒரு பாறையைக் கட்டிக்கொண்டார். ரேஞ்சர் திரும்ப இறங்கினார். நான் என் துப்பட்டாவின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசினேன், அது எட்டவில்லை. கடைக்காரர்கள் ஓடிவந்து கைகோத்து இறங்கினார்கள். யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்கள், யாரோ கையைப் பிடித்தார்கள். கரையில் வந்து உட்கார்ந்தபோது அவர் காலில் ஒரு ஷூதான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்த பாறைகளைத் தேடினேன். பழுப்புத் தண்ணீர் அகலமாகப் போய்க்கொண்டிருந்ததே தவிர, ஒரு பாறையும் தென்படவில்லை. எங்கள் தலைக்கு மேல் வெயில் அப்படியே இருந்தது.

"இங்க ஒரு சொட்டு மழை இல்லியே" என்றார் எஞ்சினியர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார்.

ஒரு கடையில் எங்களுக்குத் துண்டும் பாலில்லாத கட்டன் சாயாவும் கொடுத்தார்கள். ரேஞ்சர் ஜீப்பைப் பார்க்கப் போனார். எஞ்சினியர் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தன் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தங்கை மேலே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பிரசவ வலி எடுத்து ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தபோது, ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி பழுதாகி நின்றிருக்கிறது. ஒதுங்க இடமில்லை. லாரியைத் தள்ளி வழிவிடுவதற்குள் குழந்தை போய்விட்டது. "தங்கச்சி பிழைச்சுக்கிட்டா. ஆனா இப்பவும் அந்த ரோட்டுல வண்டி ஏறமாட்டா. சீக்கிரம் அகலப்படுத்தணும் மேடம். அதான் நான் வேற ஒண்ணையும் உள்ள விடல" என்றார். கூட்டத்தில் ஒருமுறைகூட அவர் அதைச் சொன்னதில்லை. நான் ஏன் என்று கேட்டேன். "அது என் வீட்டு விஷயம்லா. அதைச் சொல்லி ரோடு வாங்கக் கூடாது" என்றார்.

அந்த வளைவு எது என்று கேட்டேன். சொன்னார். அது மாதிரி வண்டி ஒதுங்க முடியாத வளைவுகள் வேறு எவை என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பாதை முழுவதும் அவர் மனதுக்குள் இருந்தது. மலையே தெரியாத மனிதர் என்று வீட்டில் காபியைக் குடித்துக்கொண்டு நான் பேசியதெல்லாம் எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் முதலில் எழுந்தார். "மேல மழை பெய்யுத மலை வரைக்கும் ஆத்தைச் சேத்துக்கிடுவோம். ஒரு மழைக்காலம் முழுக்கப் பாத்துட்டுதான் பாலம்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து பென்சிலைத் தட்டாமல் வைத்துக்கொண்டார். ஒரு மழைக்காலம் காத்திருப்பது அவருக்கு என்ன விலை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். நான் எழுந்து, வளைவுகளில் வண்டி ஒதுங்க இடம் அமைப்பதைச் சாதாரணப் பராமரிப்பு வேலையாக இப்போதே செய்துவிடலாம், அதற்கு இந்த ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். ரேஞ்சர் உடனே முகம் சுருக்கினார். பெரிய வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஆய்விலிருந்து தப்பிப்பது எங்கள் தொழிலில் தெரிந்த தந்திரம். அவர் சந்தேகம் நியாயமானது. "மரத்தில கை வைக்கக் கூடாது. ஆத்தில ஒரு கூடை மண்ணு தட்டக் கூடாது. அது எழுதித் தந்தா சம்மதம்" என்றார். எழுதினோம். வண்டிச் சத்தத்துக்கும் காற்று மாசுக்கும் பழைய விவரங்களே போதும் என்று நானும் ரேஞ்சரும் விட்டுக்கொடுத்தோம். மலையின் மறுபக்கச் சரிவை ரேஞ்சர் விட்டார். யானைத் தடத்தை விடவில்லை; யாரும் விடச் சொல்லவும் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து ஆரியநாடு, நெடுமங்காடு என்று கூவும் குரல் வந்துகொண்டிருந்தது. அத்தனை மாதம் இழுத்த விஷயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடப் போனோம். அதற்கு முன் ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

மழை தொடங்கும் முன்பே வளைவுகளில் ஒதுங்கும் இடங்கள் தயாராகிவிட்டன. பாலம் பல வருடம் கழித்து, முதலில் நினைத்ததைவிட உயரமாக, ஆற்றுக்குள் தூண் இல்லாமல் வந்தது. அதற்குள் எஞ்சினியருக்கு மாற்றல் வந்துவிட்டது. பாலம் திறந்தபோது அவரால் வர முடியவில்லை. ஆனால் பின்னொரு நாள் போன் செய்து, தங்கையைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்வந்ததாகச் சொன்னார். "வளைவு வந்தப்ப கண்ணை மூடிக்கிட்டா. ஆனா வந்தா" என்றார்.

இப்போது கூட்டங்கள் திரையில் நடக்கின்றன. போன மாதம் நகரைச் சுற்றிப் போகும் ஒரு புறவழிச் சாலைக்கு எல்லை பேசினோம். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். பாதிப் பேர் முகத்தைக் காட்டவே இல்லை. வரைபடம் வந்தது, "யாருக்காவது மறுப்பு உண்டா" என்று கேட்டார்கள், யாருக்கும் இல்லை. எனக்கும் உடனே ஒன்றும் தோன்றவில்லை. மடிக்கணினியை மூடிய பிறகுதான் என்னவோ விட்டுப்போன மாதிரி இருந்தது. சாயங்காலம் எஞ்சினியருக்குப் போன் போட்டேன். ஓய்வுபெற்று நாகர்கோவில் பக்கம் இருக்கிறார். வரைபடத்தை அனுப்பி, என்ன தோன்றுகிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தானே இருக்கு. இதுல என்ன குறை?" என்றார்.

வரைபடத்தை மறுபடி பார்த்தபடியே, தாழ்வான வயல்வெளி ஒன்று கோட்டுக்கு வெளியே விட்டுப்போயிருக்கிறது, மழைத் தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கும் என்றேன்.

"வயல் அங்க இருந்தா உங்களுக்கு என்ன? ரோடு அதைத் தொடவே இல்லியே. எதுக்கு இழுத்துப் போடுதீங்க?"

தொடாவிட்டாலும் ரோட்டுக்குக் கொட்டும் மண் தண்ணீரை மறிக்கும் என்றேன். மதகு வைத்தால் ஆயிற்று என்றார். எத்தனை மதகு என்று வயலைப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றேன். அது டிசைன் செய்பவர் பாடு என்றார். எனக்குப் பழைய எரிச்சல் மூண்டு குரல் ஏறியது. காலையில் அந்தக் கூட்டத்தில் வாயில் வராத வார்த்தையெல்லாம் வரிசையாக வந்தது. அவரும் வேண்டுமென்றே போல ஒன்றுக்கும் விட்டுக்கொடுக்காமல் மறுத்துக்கொண்டே போனார். அவர் மறுக்க மறுக்க, நாளைக்குக் கூட்டத்தாருக்கு எழுதி நான் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்கே தெளிவாகியது. மறுபக்கத்தில் அவர் மனைவி கேட்பது காதில் விழுந்தது.

"யாருகிட்ட இப்படிச் சண்டை போடுதியோ?"

"ஆபீஸ் விஷயம். நீ போயிப் படு" என்றார் அவர். பிறகு என்னிடம், "சொல்லுங்க மேடம், நான் ஒத்துக்கிடல இன்னும்" என்றார்.