தொடலாமா மேடம்?

1. முதல் மழை

கரியாலூர் கொள்முதல் மையத்தில் நான் சூப்பர்வைசர். மலைக் குடும்பங்கள் காட்டில் பொறுக்கி வரும் கடுக்காயை வாங்கி, தோல் பதனிடும் ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு அனுப்புகிறோம். லோக்கல் வியாபாரியைவிட நல்ல விலை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்தக் காய், எந்தக் காட்டில், யார் பொறுக்கியது என்று காட்ட வேண்டும். அதனால் காய வைக்கும் களத்தில் குடும்பத்துக்கு ஒரு குவியல், குவியலுக்கு ஒரு டேக்.

இதைச் சரிபார்க்க ஜெர்மன் ஆடிட்டர் வருவதற்கு முதல் நாள், நான் சோற்றில் கை வைத்த நேரத்தில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், களத்தில் இருந்த பெண்கள் எல்லாக் குவியலையும் ஒன்றாகத் தள்ளி, இருந்த ஒரே தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ஒரு காய் நனையவில்லை. டேக் எல்லாம் சேற்றில் கிடந்தது.

"இன்னா சின்னப்பொண்ணு இது? எது யாருதுன்னு எப்படிச் சொல்றது?" என்று தார்ப்பாயைப் பிடித்திருந்தவளிடம் கேட்டேன்.

"எல்லாம் நம்ம காய்தான மேடம். ஆளுக்கு இவ்ளோன்னு பிரிச்சிக்கினா போச்சி."

கள்ளக்குறிச்சி மேனேஜருக்குப் போன் போட்டேன். "புது டேக் எழுதி மாட்டுங்கம்மா. காய் இன்னா பேசவா போவுது?" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் ஆடிட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, அவ்வளவு காயையும் வேண்டாம் என்றுவிட்டார். அது லோக்கல் விலைக்குப் போனது.

"வூட்டுக் கூரைக்கு சீட்டு போடலாம்னு இருந்தேன் மேடம்" என்றாள் சின்னப்பொண்ணு. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

2. அடுத்த மழை

மேனேஜர் மலையேறி வந்து கூட்டம் போட்டார். "இனிமே அவங்கவங்க குவியல அவங்கவங்கதான் மூடணும். அடுத்தவங்களுத தொடக் கூடாது." ஆளுக்கொரு தார்ப்பாய் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து வானத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.

மறுபடி மழை வந்தபோது சின்னப்பொண்ணு புருஷனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மற்றவர்கள் தங்கள் காயைச் சாக்கில் அள்ளி ஓரம் கட்டிவிட்டார்கள். அவள் குவியல் நடுக்களத்தில் நனைந்துகொண்டிருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தொடலாமா மேடம்?" என்றாள் ஒருத்தி. தார்ப்பாய் அவள் கையில்தான் இருந்தது.

"கேட்டுக்கினு நிக்கறியே, மூடுடி!" என்று கத்தினேன். அதற்குள் பாதிக் காய் ஊறிவிட்டது. ஊறிய காய் பூஞ்சை பிடிக்கும், யாரும் வாங்க மாட்டார்கள்.

அன்றைக்கே ஜெர்மனிக்கு நானே மெயில் போட்டேன். குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய் ஜெர்மன் கம்பெனி செலவிலேயே வந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒப்பந்தம் எழுதும் முன்னால், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று களத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

இப்போது யாருக்கும் காய் நனைவதில்லை. ஆனால் தூறல் விழுந்தால், ஆள் இல்லாத பக்கத்துக் குவியலை மூடப் போகிறவள் இன்னமும் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.