ஒருவரும் திருந்தாத நாடகம்

பாடப்புத்தகத்தில் வரும் கெட்டவர்கள் மேல் எனக்குச் சிறுவயதில் பெரிய மரியாதை இருந்தது. கதை முழுக்க மனம்போன போக்கில் ஆடிவிட்டு, கடைசிப் பந்தியின் நாலு வரி வந்ததும் ஒரு குழந்தை அழுவதையோ ஒரு கிழவர் பெருமூச்சு விடுவதையோ பார்ப்பார்கள். அவ்வளவுதான், கண் திறந்துவிடும். பிறகு பயிற்சிக் கேள்விகள் மட்டும் மிச்சம். புத்தகத்தில் இத்தனை பேர் இவ்வளவு சுலபமாகத் திருந்தும்போது, எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் மட்டும் ஏன் ஒருவரும் திருந்துகிறாரில்லை என்று யோசித்தேன். ஊரில் கதை எழுத ஆளில்லாததுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். அப்போது நான் ஆறாம் ஆண்டு.

நான் திருத்த நினைத்த ஆள் பக்கத்து வளவில் இருந்தார். அம்மாவின் ஒரே அண்ணன், என் மாமா. அம்மாவின் பெற்றோர் வீடும் காணியுமான தங்கள் வளவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அம்மாவுக்குச் சீதனமாகவும், அம்மா பிறந்த வீடு நிற்கும் மறுபாதியை மாமாவுக்கும் எழுதியிருந்தார்கள். நடுவில் பனையோலை வேலி. ஓலை பழுதாகியதும் அதைக் கழற்றிவிட்டுப் புது ஓலை கட்டுவார்கள். அந்தச் சாட்டில் உக்கிப்போன கதியால் தடியையும் பிடுங்கிப் புதுத் தடி நடுவார்கள். நடுகிறவருடைய காணி அந்த வருஷம் கொஞ்சம் வளர்ந்துவிடும். எங்கள் தீவில் நெல் விளையாத வருஷம் உண்டு, காணி விளையாத வருஷம் கிடையாது.

மாமா வேலி அடைத்த ஒரு வருஷம் எங்கள் பக்கம் ஒரு சாண் குறைந்துபோனதாக அப்பா சொன்னார். அதற்கு முந்திய முறை அப்பா தள்ளி நட்டதைத்தான் தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததாக மாமா சொன்னார். விசாரிக்க வந்த கிராம சேவகர் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தார். இரண்டு வீட்டிலும் "உங்கடை பக்கம்தான் நியாயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்த வளவில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

இதில் மாட்டுப்பட்டது அம்மா. தான் பிறந்த வீட்டுக் கூரையைத் தன் குசினி அடுப்படியில் நின்றே பார்ப்பார், போக ஏலாது. மாமாவுக்குச் சுகமில்லை என்று தெரிந்தால் வேலியோரம் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியிடம் போவார். "என்னடா, காய்ச்சல் விட்டிட்டுதோ? மருந்து ஒழுங்காக் குடிக்கிறியோ?" என்று உரத்துக் கேட்பார். கன்று ஓலையைச் சப்பிக்கொண்டு நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா ஒரு செருமல் செருமுவார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். இதைப் பார்க்க எனக்கு மாமாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். பிழை மாமாவிடம் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. அப்பாவே சொல்லியிருந்தாரே!

சனசமூக நிலையத்து ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் நாடகம் ஒன்று வேண்டுமென்று தமிழ் ரீச்சர் கேட்டபோது நான் உடனே கையை உயர்த்தினேன். இரண்டு நாளில் நாடகம் தயார். பெயர் "மண்ணாசை". ஒரு பேராசைக்காரன் அயல்வீட்டுக் காணியைக் களவெடுப்பதற்காக வேலிக் கதியாலைப் பிடுங்கப் போகிறான். கதியால் வாய் திறந்து பேசுகிறது. அவன் அந்த இடத்திலேயே திருந்துகிறான். மாமா முன்வரிசையில் இருந்து இதைப் பார்த்தால் போதும், வேலி ஒரு சாண் தானாகப் பின்வாங்கும் என்பது என் கணக்கு.

பேராசைக்காரனாக நடிக்க ஒரு பெடியனும் சம்மதிக்கவில்லை. ஆகவே பெட்டையான நானே கரியால் மீசை கீறிக்கொண்டேன். மாமாவின் செருமலை வசனத்துக்கு வசனம் வைத்தேன். உடுப்புக்கு மாமாவின் சாறத்தை இரவல் கேட்க முடியாது என்பதால், அப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட சாறத்தை மடித்துக் கட்டினேன். தம்பிக்குக் கதியால் வேஷம். பூவரசங் கொப்புகளால் அவனைச் சுற்றிக் கட்டி மேடை நடுவில் நிறுத்தினோம்.

கொப்பில் முசுறு எறும்பு இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

திரை விலகியதும் கதியால் நெளியத் தொடங்கியது. நான் செருமிக்கொண்டு கிட்டப் போக, அது என் வசனத்துக்குக் காத்திராமல், "ஐயோ, என்னைப் பிடுங்காதேங்கோ! நான் நிண்ட இடத்திலையே நிக்கிறன்!" என்று வீரிட்டது. வசனம் நான் எழுதியதுதான், கண்ணீர் முசுறுகளுடையது. சனம் உருகிப்போயிற்று. பெண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. நான் முழங்காலில் விழுந்து, "அந்தோ! மண்ணாசை என் கண்ணை மறைத்ததே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். மீசையின் பாதி கையோடு வந்துவிட்டது.

கைதட்டல் அடங்குமுன்பே மாமா எழும்புவது தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. நேரே அப்பாவிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"விடும் மச்சான். பிழை விடாத மனிசர் ஆர்?"

"ஓம் மச்சான்," என்றார் அப்பா. "நானும் ஒண்டையும் மனசிலை வைச்சிருக்கேல்லை."

மேடையில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இலக்கியம் வென்றுவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வெற்றி வீடு வந்து சேரும்வரைதான். அப்பா சாப்பிட இருந்ததும், "அந்தச் செருமலைக் கேட்டவுடனை உம்மடை அண்ணைக்கு முகம் செத்துப்போச்சு. பாவம், உணர்ந்திட்டார்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் சாப்பிட்ட கையைக் கழுவப் பெருமையாகக் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அப்பால் மாமா கனடாவில் இருக்கும் மகனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீடியோ அனுப்பினனான், பார். பெட்டை தேப்பனை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறாள். அதே பச்சைச் சாறம்! பெத்த பிள்ளையே மேடையிலை சொல்லேக்குள்ளை அந்த மனிசன் என்ன செய்யிறது? சரி, நான்தான் பெரியாளா மன்னிச்சு விட்டிட்டன்."

கையில் சோறு காய நின்றேன். மாமா திருந்தவில்லை. மன்னித்திருக்கிறார்! அப்பாவும் மன்னித்திருக்கிறார். திருந்தவேண்டியவர் இருக்கும் கதிரை வெறுமையாகக் கிடக்க, மன்னிக்கும் கதிரையில் இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

காலையில் மாமா கத்தியோடு வந்தார். போய்வர வழியாக வேலியில் ஒரு பொட்டு வெட்டவேண்டுமாம். எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்டச் சண்டை வந்தது. "உங்களுக்கு வசதியான இடத்திலை வெட்டுங்கோ" என்றார் அப்பா. "இல்லை, நீர் சொல்லும்" என்றார் மாமா. இருவர் முகத்திலும் அப்படி ஒரு பெருந்தன்மை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று, "மாமா, அந்த நாடகம்..." என்று தொடங்கினேன். அம்மா என் வாயில் ஒரு பனங்காய்ப் பணியாரத்தைத் திணித்தார். மிச்சத்தைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு, ஓலை விலகியதும் குனிந்து அந்தப் பக்கம் போனார்.

அம்மா திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அரிசி களைந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டதில்லை. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அம்மா, ரெண்டு பேரும் மற்ற ஆள்தான் திருந்தினதெண்டு நினைக்கினம். உண்மையிலை ஒருத்தரும் திருந்தேல்லை."

"தெரியும்."

"ஆர் வேலியைத் தள்ளினதெண்டும் தெரியுமோ?"

"ஓம்." அவர் தலை நிமிரவில்லை.

"அப்ப ஏன் சொல்லேல்லை? பிழை விட்ட ஆள் திருந்த வேண்டாமே?"

"ஆர் கேட்டது திருந்தச் சொல்லி?" என்றார் அம்மா, களைந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றிக்கொண்டு. "எனக்கு என்ரை அண்ணை வேணும். அவ்வளவுதான்."

இவ்வளவு பாடுபட்டு எழுதிய நாடகம் இவருக்கும் விளங்கவில்லையே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. அப்பா, மாமா, இப்போது அம்மா. மூன்று பேருக்கும் விளக்கம் போதாது என்று நினைத்துக்கொண்டு, எழும்பிப் போய்விட்டேன்.