அலை ஓரத் தொப்பி

எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டால் நாகஜோதியிடம் யாரும் பேசக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். அடுப்பில் குக்கர் கத்தலாம், எரியோடு ஊர்க் கடைத்தெருவில் வேடசந்தூர் பஸ் ஹாரனை அமுக்கிப் பிடிக்கலாம், கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நின்று "அம்மா, புக்கக் கொண்டாங்க" என்று நாலு தடவை கூவலாம். நூல் சுற்றிய இடதுகை ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் உயரும். பொறு என்று அர்த்தம். "நாப்பத்தேழு... நாப்பத்தெட்டு..." என்று உதடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கணவர் சிவபிரகாஷ் முப்பது வருடமாகப் பழகியவர். காபி வேண்டுமென்றால் அறுபது வரும்வரை காத்திருந்து, அவள் மூச்சு விடும் அந்த ஒரு நொடியில் கேட்டுவிடுவார்.

விசிட்டிங் கார்டில் 'குரோஷா டிசைனர்' என்று போட்டிருக்கிறாள். அது என்ன வேலை என்று எரியோட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மேஜை விரிப்பு பின்னி விற்கிறாள் என்றுதான் பாதிப்பேர் நினைக்கிறார்கள். அவள் விற்பதற்காக எதையும் பின்னுவதில்லை. ஒரு தொப்பியை எத்தனை சங்கிலிக் கண்ணியில் தொடங்க வேண்டும், எந்தச் சுற்றில் அகல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பின்னிப் பின்னிப் பார்த்து, நீள நோட்டில் எழுதுவாள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துத் தன் குழுவிலுள்ள நூற்றுச் சொச்சம் பெண்களுக்கு அனுப்புவாள். திண்டுக்கல்லிலும் ஒட்டன்சத்திரத்திலும் பழனியிலும் அவர்கள் அதைப் பார்த்துக் கொக்கி ஊசி பிடிப்பார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஆட்களின் பெயர் மறக்கிறது, தலை மறப்பதில்லை. "கருப்புசாமியா? யாரு, அந்த இருவத்திமூணரையா?" என்பாள். அங்குலக் கணக்கு. கல்யாண வீட்டில் எதிரே வருபவரின் முகத்தை விட்டுவிட்டு நெற்றிக்கு மேலே பார்த்தபடி நலம் விசாரிப்பாள். புதிதாகப் பழகுகிறவர்கள் தலையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

டிசைன் பிறப்பது மட்டும் எரியோட்டில் இல்லை. சிவபிரகாஷின் தங்கை சுகன்யா தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் சுகாதாரச் செவிலியர். பதினொரு வருடமாக மே மாதம் முழுக்க நாகஜோதிக்கு அங்கேதான் வாசம். காலை இட்லி முடிந்ததும் வலை பின்னும் கொட்டகைக்குப் போய், மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். பத்துக் கண்ணிக்கு ஒருமுறை விரல் வியர்வையைத் துண்டில் துடைத்துக்கொள்வாள். மத்தி முள், நண்டு நடை, வலைக் கண் என்று அவள் பெயர் வைத்த டிசைன்கள் எல்லாம் அங்கே பிறந்தவைதான். இத்தனைக்கும் அவள் அலையில் கால் நனைத்ததில்லை. "அது ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டேங்குதே. அதப் பாத்தா எனக்கு எண்ணிக்கை போயிருது" என்பது அவள் நியாயம். கொட்டகையில் வலை சீர்செய்யும் ஸ்டான்லி சிரிப்பார்: "கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு அலைய வரையிற ஆள இப்பத்தாம் பாக்கேன்."

இந்த வருடம் அங்கே பிறந்தது ஒரு தொப்பி. கேட்டது பேகம்பூர் நர்கீஸ். நாகஜோதி எழுதும் எதையும் முதலில் பின்னிப் பார்த்துச் சொல்லும் பழைய சிநேகிதி. அவள் மகனுக்கு ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளைக்குத் தன் கையால் ஒரு வெள்ளைத் தொப்பி பின்னிப் போட வேண்டும் என்பது அவன் பிறந்த நாளிலிருந்து தாய்க்கிருந்த ஆசை. தலையளவை நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சரியாக இருபத்திரண்டு. மே மாதக் கடைசியில் மாதிரித் தொப்பியோடு நாகஜோதி ஊர் திரும்பி, கணக்கெழுதிய பக்கத்தை நர்கீஸுக்கு அனுப்பினாள். உச்சியில் சின்ன வட்டம், ஓரம் நெடுக அலை. அலுமினியக் கிண்ணத்தில் கவிழ்த்தால் அளவெடுத்து ஊற்றியதுபோல நின்றது.

ஜூன் இரண்டாம் வாரம் நர்கீஸ் போன் செய்தாள். "அக்கா, புருவத்துக்கு வந்துருச்சுக்கா. அவன் கண்ணு தெரியலைங்குறான்."

"எண்ணிக்கைய விட்டுருப்ப."

"இல்லக்கா. மூணு தடவ எண்ணிட்டேன்."

"அப்ப உன் கை லூஸு. நல்லா இழுத்துப் பின்னு. பிரிச்சுட்டுத் திரும்பப் போடு."

நர்கீஸ் பிரித்தாள். திரும்பப் பின்னினாள். மறுபடி புருவம். மறுபடி பிரித்தாள். மூன்றாம் தடவை போன் செய்தபோது நாகஜோதிக்கே பாவமாகப் போய், "நான் பின்னுனது சும்மாதானே கெடக்கு, அதப் போட்டு விடு" என்றாள். "வேணாங்க்கா. நீங்க எழுதுனா எழுதுனதுதான். என் கைதான் சரியில்ல. இருந்தாலும் எங்கையால போடணும்னு இருக்குல்ல" என்று நர்கீஸ் வைத்துவிட்டாள்.

நிக்காஹுக்கு ஆறு நாள் இருந்தது. செத்த நேரத்து வேலை, நாமே பின்னி வீடியோ எடுத்து அனுப்பினால் அவளுக்குப் புரியும் என்று திங்கட்கிழமை காலை நாகஜோதி உட்கார்ந்தாள். வெளியே ஆனிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அதே ஊசி, அதே நூல்கண்டு, அதே நோட்டு. மத்தியானத்துக்குள் முடித்து, பெருமையோடு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவபிரகாஷின் தலையில் வைத்தாள். அவரும் இருபத்திரண்டுதான். தொப்பி சாவகாசமாக இறங்கி மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்தது.

"நாகா, கரண்டு போயிருச்சா?" என்றார் உள்ளேயிருந்து.

அவள் சிரிக்கவில்லை. தொப்பியைப் பிடுங்கி அளந்தாள். இருபத்திமூன்றரை. மே மாதத் தொப்பியை அளந்தாள். இருபத்திரண்டு. இரண்டிலும் கண்ணிகளை எண்ணினாள். ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொருமுறை எண்ணினாள். அளவு நாடா நைந்திருக்குமோ என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி ஊசியாகத்தான் இருந்தது. ஒரே கை, ஒரே கணக்கு, இரண்டு தலை.

செவ்வாய்க்கிழமை ரசத்தில் இரண்டு தரம் உப்பைப் போட்டாள். தானாகவே கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள். வயதாகிவிட்டதோ? நரம்பு தளர்ந்துவிட்டதோ? அவளிடம் இருப்பது அந்தக் கை ஒன்றுதான். அது சொன்னபடி நிற்காது என்றால் நோட்டில் எழுதியிருக்கிற எதற்கும் மதிப்பில்லை. நிஜமாகவே பயந்துபோனாள். மறுநாள் தேங்காய் துருவும்போது ஏனென்று தெரியாமல் கண்ணீர் வந்தது.

புதன்கிழமை இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சிவபிரகாஷ் அதைப் பார்த்துவிட்டார். நூற்பாலைக்குள் காற்றை ஈரமாக வைத்திருக்கும் பிளாண்டில் அவருக்கு வேலை. சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார்: "எங்க பிளாண்டு அரை மணி நேரம் நின்னுருச்சுன்னா போதும். அதே பஞ்சு, அதே மிசினு, ஆனா நூலு சொன்ன பேச்சு கேக்காது. இந்தக் காத்துல சொட்டு ஈரம் இருக்கா? நீ அங்கன கடல் காத்துல உக்காந்துல்ல பின்னுன?"

"நூலுக்கென்ன, தாகமா எடுக்குது?" என்று சீறினாள்.

"எனக்கென்னமோ தோணுச்சு, சொன்னேன். வாரேன்" என்று அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை நனைத்துப் பிழிந்து மடியில் போட்டு, அதில் விரலை ஒற்றி ஒற்றிப் பின்னினாள். ஈர விரலில் நூல் வழுக்கவில்லை, பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கண்ணியும் இறுக்கமாக விழுந்தது. கையைத் துடைத்து, காற்றில் காயவிட்டு அடுத்த சுற்றைப் பின்னினாள். நூல் ஓடியது, கண்ணிகள் வாயைப் பிளந்தன. இரண்டு சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் அவள் பின்னியதுதான். அப்படியென்றால் எது தன் கை?

குழப்பம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. இன்னொன்று வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதினொரு வருடம். நோட்டிலுள்ள அத்தனை டிசைனும் மே மாதம், கடற்கரையில், வியர்த்த விரலால் போட்டது. அதை இங்கே காய்ந்த காற்றில் உட்கார்ந்து பின்னியவர்கள் எத்தனை பேர்! குழந்தை சாக்ஸ் பெரிசாகப் போகிறது என்று ஒட்டன்சத்திரம் மலர்விழி முன்பு எழுதியிருந்தாள். அவளுக்கும் அதே பதில்தான்: உன் கை லூஸு. பழனியிலிருந்து ஒரு பெண் நாலு முறை பிரித்துப் பின்னிவிட்டு, எனக்கு இது வராது மேடம் என்று குழுவை விட்டே போனாள். அவள் பெயர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவள் தலையளவுகூடத் தெரியாது. நாகஜோதிக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போனாள். பேகம்பூரில் நர்கீஸ் வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பாத்திரங்களும் சொந்தக்காரர்களும் கலந்து கிடந்தார்கள். அவளைப் பார்த்ததும் நர்கீஸ் எதையோ முந்தானைக்குள் மறைத்தாள். நாகஜோதி கையை நீட்டி வாங்கினாள். பின்னிப் பிரித்துப் பின்னிப் பிரித்து, வறுத்த சேமியா மாதிரி சுருண்டுபோன நூல்.

"அல்லா சத்தியமா இழுத்துத்தாங்க்கா பின்னுறேன். விரலப் பாருங்க, காச்சுப் போச்சு. என் கைதான் லூஸு போல" என்றாள் நர்கீஸ். விரல் ஓரம் சிவந்து தடித்திருந்தது.

நாகஜோதி அந்த விரலைப் பார்த்தாள். பையிலிருந்து நீள நோட்டை எடுத்து, அலை ஓரப் பக்கத்தைத் தாண்டி, வெள்ளைப் பக்கமாகப் புரட்டினாள். புதுக் கண்டு ஒன்றையும் தன் ஊசியையும் நர்கீஸின் மடியில் வைத்துவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இழுக்காத. உன் கைக்கு எப்பிடி வருதோ அப்பிடிப் பின்னு. எண்ணிக்கைய நீ சொல்லு, நான் எழுதுறேன்."

"நானா? நீங்க எழுதுனத..."

"அத விடு. அது கடலோரத்துக்கு எழுதுனது. ஆரம்பி."

நர்கீஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஊசியை எடுத்தாள். முதல் சுற்று வாய்க்குள்ளேயே போனது. மூன்றாம் சுற்றில் குரல் கொஞ்சம் வெளியே வந்தது. உச்சி வட்டம் அகலத் தொடங்கியது. நாகஜோதி நூல் முடிச்சை வைத்து அளந்து, அகலும் இடத்தை ஒரு சுற்று முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, குறித்துக்கொண்டாள். பென்சில் ஒவ்வொரு எண்ணாகப் பின்னாலேயே ஓடியது.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு..."

சமையல்கட்டிலிருந்து நர்கீஸின் மாமியார் குர்ஷித் பேகம் எட்டிப் பார்த்தார். "நர்கீஸ், பிரியாணி மாஸ்டர் வந்து நிக்கிறாரு. அரிசி எம்புட்டுன்னு கேக்குறாரு, சீக்கிரம் வா!"

நர்கீஸின் உதடு தடுமாறியது. நாகஜோதி நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவளுடைய இடதுகை ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல உயர்ந்தது. அதில் நூல் இல்லை.