ஆணியில் தொங்கும் சிவப்பு வளையம்

ஓடிக்கொண்டிருக்கும் கணினிப் பெட்டியிலிருந்து மூன்றாவது டிஸ்கைச் சடக்கென்று உருவி, மூச்சு விடுவதற்குள் திரும்பச் செருகுகிறார் பூட்டக்கா. இன்றைக்கு இது நாற்பத்தோராவது தடவை. ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லையே என்றுதான் அவருக்கு எரிச்சல்.

எட்டு டிஸ்குகளை ஒரே குடும்பமாகக் கட்டி மேய்க்கும் மென்பொருள் அவருடையது. எது நலம், எது செத்தது என்று அதில் ஒரு குறிப்பு உண்டு. நிரலின் இரண்டு பகுதிகள் ஒரே நொடியில் அதில் கைவைத்தால் போச்சு, செத்த டிஸ்க் நலம் என்று பதிவாகிவிடும்; ஒன்று முடிக்கும்வரை இன்னொன்று நுழையாதபடி நிரலில் பூட்டு போட வேண்டும். அதனால் எவரைக் கண்டாலும், "பூட்டு போட்டியா?" என்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பவனைக்கூட விடமாட்டார் என்று அலுவலகத்தில் கேலி.

திங்கட்கிழமை ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் மொத்தமும் இதற்குள் வருகின்றன. மேனேஜர் வந்து நின்றார்.

"ஆயிரத்துல ஒரு தடவை வர்ற தப்புக்கா இந்தப் பாடு? நான் வாக்கு குடுத்துட்டேன்க்கா."

"குறிப்பைப் பாக்குறதுக்கும் திருத்துறதுக்கும் நடுவுல கண்ணு சிமிட்டுற நேரம் இருக்கு தம்பி. அதுக்குள்ள இன்னொருத்தன் பூந்துடுறான்."

ஐம்பத்தெட்டாவது தடவை, டிஸ்க் அவர் கையில் இருக்கிறது. திரையோ அதை 'நலம்' என்கிறது! "வாடி ராஜாத்தி, மாட்டிக்கிட்டியா!" பார்ப்பதையும் திருத்துவதையும் சேர்த்து ஒரே பூட்டுக்குள் அடைத்தார். பிறகு முந்நூறு தடவை உருவியும் பிசகவில்லை. மேனேஜருக்கு அப்பாடா என்றிருந்தது.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. போன வருஷம், மாமியாரின் சர்க்கரை ஊசிக்கான நோட்டில் அன்றைய கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டுக் கணவர் ஊசி போட்டார். அவர் பேனாவைத் தேடிப் போன நேரத்தில் பூட்டக்காவும் அதே காலிக் கட்டத்தைப் பார்த்தார், தானும் ஒரு ஊசி போட்டார். அரைத் தூக்கத்தில் கிழவியும் கையை நீட்டிவிட்டார். மூன்று நாள் நினைவில்லை. பிழைத்து வந்தவர், "போட்டி போட்டுப் பாசம் காட்டி என்னை மேல அனுப்பப் பாத்தீங்களே!" என்று சிரித்தார். பூட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஆணி அடித்து ஒரு சிவப்பு வளையத்தை மாட்டினார். அதைக் கையில் போட்டவர்தான் நோட்டைத் தொடலாம்; எழுதி முடித்த பிறகே கழற்றலாம்.

இன்று வீடு திரும்பியபோது ஆணி காலி. நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் திறந்தே கிடந்தது.

"பசிக்குது, ஊசியப் போடேம்மா."

"வளையம் உங்க பிள்ளைகிட்ட இருக்கு அத்தை. கழட்டாம கடைக்குப் போனவர் இப்பதான் படியேறி வந்துக்கிட்டிருக்கார்."

நோட்டின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.